தண்டவாளத் துண்டில் ஒற்றை அடி

இந்த வருட நோன்பில் எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். ரயில் நிலைய மேடையில் ஊருக்கெல்லாம் பொதுவாக ஒருநாள் நோன்பு திறக்கும் நிகழ்ச்சி வைக்கப் போகிறார்களாம். பழைய வழக்கப்படி, சிக்னல் விளக்குகள் வைக்கிற விளக்கறையின் சுவரோரம் இன்னும் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடித்து நேரம் அறிவிக்க வேண்டுமாம். அந்தக் காலத்தைக் கண்ட ஆள் என்ற முறையில் அதை நான்தான் செய்ய வேண்டும் என்றார்கள். தோள்மூட்டு வலி, கை உயராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். தோளில் ஒரு வலியும் இல்லை. நோன்பு பிடித்துக்கொண்டே பொய் சொன்னேன். அந்தத் தண்டவாளத் துண்டைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அதுவல்ல.

முதல் பொய்யை இப்போது எழுதிவைக்கிறேன். எனக்கு எழுபத்தேழு வயது. இதற்கு மேல் தள்ளிப்போட இடமில்லை. ஊரின் பெயரை எழுதவில்லை. புத்தளம் பாதையில் போய் வருகிறவர்களுக்கு எந்த நிலையம் என்று விளங்கலாம். விளங்காவிட்டாலும் குறையில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய நிலையம் அது. வார்ப்பிரும்புத் தூண்கள், உயரமான கூரை, நீளமான மேடை. கோச்சி என்று நாங்கள் சொல்கிற ரயில் வருவது நாளைக்கு நாலு தரம். மிச்ச நேரமெல்லாம் அது ஊருடைய இடம். எங்கள் பக்கத்துக் கிணறுகள் முழுக்க உவர். என்ஜினுக்கு ஊற்றுவதற்கென்று கட்டிய தாங்கியில் மட்டும் நல்ல தண்ணீர் இருந்தது. அதனால் பெண்கள் குடத்தோடு அங்கேதான் வந்தார்கள். வந்தவர்கள் மேடை வாங்குகளில் உட்கார்ந்து கதைத்தார்கள். காலையில் கொழும்பிலிருந்து வரும் பத்திரிகையை ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கலியாணங்கள் அங்கே பேசப்பட்டன. கோபித்துக்கொண்டு புறப்பட்ட மருமக்கள் அங்கே வைத்தே சமாதானப்படுத்தப்பட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகப்பட்டார்கள்.

பொதி நிறுக்கிற தராசிலேதான் ஊரில் பிறந்த பிள்ளைகளை நிறுப்பார்கள். நாற்பதாம் நாள் கழிந்ததும் தாய்மார் பிள்ளையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நிலையத்துக்கு வருவார்கள். கருவாட்டுச் சாக்கு நிறுத்த தட்டை அந்த நிலையத்துப் போட்டர் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து வைத்திருப்பார். பிள்ளையைக் கிடத்தி, முள்ளைப் பார்த்து, "பார்சல் எட்டு இறாத்தல். எந்த ஸ்டேஷனுக்கு?" என்று கேட்பார். "அவன்ட வாப்பாட ஸ்டேஷனுக்கு" என்று தாய் சொல்ல வேண்டும். அது மாறாத வழக்கு. என்னையும் அதில்தான் நிறுத்தார்களாம், அப்போது வேறொரு போட்டர்.

நான் சொல்கிற போட்டர் உடப்புப் பக்கத்து மனிதர். கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நெற்றியில் திருநீற்றோடு திரும்பி வருவார். சிறுவர்களுக்கு அவர் போட்டர் அண்ணன். மனைவியை நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஓர் அறை குவாட்டர்ஸில் வைத்திருந்தார். இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய், நான் சொல்லப்போகிற அந்த வருடம் மூன்றாவதாக அந்த அக்காவுக்கு நிறைமாதம். ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, பிள்ளை பிறக்கும் வரைக்கும் தன்னை இடம் மாற்றாமல் இருந்தால் போதும் என்று என் உம்மாவிடம் அவர் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பொதித் தராசைக் காட்டி, "எண்ட பார்சலும் வரட்டும் தங்கச்சி, நானே நிறுத்து நானே கையெழுத்து வெப்பன்" என்பார்.

தண்டவாளத் துண்டு அவருடைய பொறுப்பு. கோச்சி வருகிறதென்றால் இரண்டு அடி, புறப்படுகிறதென்றால் மூன்று அடி. நோன்பு மாதத்தில் மட்டும் ஒற்றை அடி ஒன்று இருந்தது. மாலைக் கோச்சியில் நோன்பாளிகள் நிறையப் பேர் வருவார்கள். வழியில் நோன்பு திறக்க அவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஊர்ப் பெண்கள் கஞ்சியும் பேரீத்தம்பழமும் கொண்டுவந்து மேடையில் வைத்துக் காத்திருப்பார்கள். வந்தவர்களும் ஊரவர்களுமாக அங்கேயே நோன்பு திறப்பார்கள். அப்போது பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இல்லை. களப்புக் காற்று பாங்கொலியை மறுபக்கம் அடித்துக்கொண்டு போய்விடும், போதாததற்கு என்ஜின் வேறு சீறிக்கொண்டு நிற்கும். அதனால் மோதினார் பாங்கு சொல்லுமுன் மினாராவில் ஒரு விளக்கை ஏற்றிக் காட்டுவார். தென்னைகளுக்கு மேலாக அந்த விளக்கு தெரிகிற ஒரே இடம் விளக்கறை மூலைதான். போட்டர் அண்ணன் அங்கே நின்று பார்த்து ஒரே ஓர் அடி அடிப்பார். அடித்த கையோடு, உம்மா அவருக்கென்று விளக்கறை ஜன்னல் படியில் வைத்துவிடுகிற கஞ்சிக் கோப்பையை எடுத்துக் குடிப்பார். நோன்பாளிகளுக்கு முன்னால் தின்னக் கூடாதென்று அந்த மாதம் பகலில் மேடைப் பக்கம் அவர் ஒரு வெற்றிலை கூடப் போட்டதில்லை.

எனக்கு ஒன்பது வயது. அதுதான் நான் முழுதாகப் பிடித்த முதல் நோன்பு. மத்தியானம் வரைக்கும் வீரம் இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாப்பா கற்பிட்டியில் வெங்காயம் கட்டப் போயிருந்தார். உம்மா கஞ்சிப் பானையோடு மேடைக்குப் போக, நான் கோப்பைகள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

அன்று கோச்சி பிந்தி வந்தது. வானம் மூடிக் கிடந்ததால் வெயில் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை. வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். எல்லோர் கையிலும் கோப்பை கொடுத்தாகிவிட்டது. எல்லோரும் பேச்சடங்கி அந்த ஒற்றை அடிக்காகக் காத்திருந்தார்கள். கோச்சி பிந்தியதால் போட்டர் அண்ணனுக்கு வேலை குவிந்துவிட்டது. விளக்கறைக்குள்ளே சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றார். நான் மூலையில், தண்டவாளத் துண்டின் அருகே, யாருக்கும் தெரியாத இடத்தில் நின்றேன். தாங்கிக் குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகளை எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பள்ளிவாசல் பக்கம் பார்த்தேன்.

மேகத்துக்குக் கீழே ஓர் இடைவெளி திறந்தது. மினாராவின் கண்ணாடியில் சிவப்பாக ஒரு வெளிச்சம் மின்னியது.

மோதினாரின் விளக்கு மஞ்சள் நிறம். அது மேல்தட்டில் எரியும். கண்ணாடி அதற்குக் கீழே. ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் தெரியும். நான் கண்டது சூரியனை. கண்ணாடியில் சூரியன் தெரிகிறதென்றால் சூரியன் மறையவில்லை என்று விளங்கிக்கொள்ளவும் எனக்கு அறிவிருந்தது. அது விளக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொக்கியில் கொழுவியிருந்த இரும்புக் கம்பியை எடுத்து, ஒரே ஓர் அடி அடித்தேன்.

அந்தச் சத்தத்தோடு மேடை முழுவதும் "பிஸ்மில்லா" என்றது. நூறு கோப்பைகள் ஒன்றாக வாய்க்குப் போன சத்தத்தை நான் கேட்டேன். அப்போதுதான் பயம் பிடித்தது. கம்பியை மணலில் போட்டுவிட்டுத் தாங்கித் தூணுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். மடியிலிருந்த பேரீத்தம்பழத்தை வாயில் போட்டேன்.

போட்டர் அண்ணன் கையில் எண்ணெய்த் துணியோடு வெளியே வந்தார். இன்னும் ஆடிக்கொண்டிருந்த தண்டவாளத்தைப் பார்த்தார். மணலில் கிடந்த கம்பியைப் பார்த்தார். பள்ளிப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். மேடையில் குடித்துக்கொண்டிருந்த சனங்களைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் எல்லோரும் குடித்து முடிக்கிற நேரமாகிவிட்டது. குனிந்து கம்பியை எடுத்து, கொக்கியில் கொழுவினார். ஜன்னல் படியிலிருந்த தன் கோப்பையை எடுத்தவர், குடிக்காமல் திரும்பப் படியிலேயே வைத்தார். பிறகு மேடைப் பக்கம் போனார். தூணுக்குப் பின்னால் நான் நிற்பதை அவர் கண்டாரா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மினாராவின் மேல்தட்டில் மஞ்சள் விளக்கு ஏறியது. யாரோ ஒருவர் மூலைப் பக்கம் வந்து அதைக் கண்டு, "இப்பதான் விளக்கு ஏத்துறாங்க" என்றார். சொன்னது ஒரு முறைதான். மேடையில் ஒருவர் பின் ஒருவராகக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ஒரு பெரியவர் வாயிலிருந்த பழத்தைக் கையில் துப்பி, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பொத்திக்கொண்டு நின்றார்.

குர்ஆன் ஓதப் போகிற பள்ளியில் எங்களுக்குச் சொல்லித் தருகிற லெப்பை நரகத்தைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தார். நேரத்துக்கு முந்தி நோன்பை முறித்தவர்களைக் குதிகாலில் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள், கடைவாய் கிழிந்து இரத்தம் ஒழுகும் என்று விரலால் தன் வாயை இழுத்துக் காட்டுவார். நான் மேடையைப் பார்த்தேன். தூண்களுக்கிடையில் ஒவ்வொருவராகத் தொங்கத் தொடங்கினார்கள். பாண் கடைக்காரர், புகையிலை வியாபாரி, கோச்சியில் வந்த முன்பின் தெரியாதவர்கள், அவர்களுக்கு நடுவில் என் உம்மா. எல்லாருடைய கிழிந்த வாயும் என் கணக்கில் எழுதப்படும் என்று நினைத்தேன்.

ஆண்கள் விளக்கறை முன்னால் கூடினார்கள். உம்மா என்னைக் கண்டு, கோப்பைகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு சீக்கிரம் வரச் சொன்னாள். அங்கிருந்து போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமில்லை. வாங்குகளிலும் தூணடியிலும் கிடந்தவற்றைப் பொறுக்கி அடுக்கினேன். ஜன்னல் படியில் ஒரு கோப்பை விளிம்பு வரை நிறைந்து, மேலே ஆடை படிந்து இருந்தது. மணலில் கவிழ்த்துவிட்டு அதையும் அடுக்கின் மேல் வைத்தேன்.

திரும்பியபோது என் மாமா, உம்மாவின் மூத்த சகோதரர், பள்ளி நிருவாகத்தில் இருந்தவர், போட்டர் அண்ணனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கோபக்காரர் அல்ல. நிதானமாகவே கேட்டார். போட்டர் அண்ணன், "நானில்ல ஹாஜியார். நான் உள்ளுக்க லாம்புக்கு எண்ணெய் ஊத்திக்கிட்டு நிண்டன்" என்றார்.

"அப்ப கம்பி தானாப் போய் அடிச்சதா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். "அதக் கொழுவினத நான் கண்ட."

இன்னொருவர் மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்க, "நம்மட நோன்ப வேற ஆள்ட கையில குடுத்தா இப்பிடித்தான்" என்றார். அதுவரை எரிச்சலாக மட்டும் இருந்த முகங்கள் அந்தச் சொல்லுக்குப் பிறகு மாறின. கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. ஸ்டேஷன் மாஸ்டர், மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், வாசலில் வந்து நின்றார். அவருக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். பயம் முழுதாக விளங்கியது.

போட்டர் அண்ணன், "நான் அடிக்கல்ல எண்டதுக்குச் சாட்சி இரிக்கி ஹாஜியார்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினார். படியைப் பார்த்தார். படியில் ஒன்றுமில்லை. அவருடைய கண் மேடையெங்கும் தேடி, கடைசியில் என் கையிலிருந்த அடுக்கில் வந்து நின்றது. மேல் கோப்பையின் உட்புறம் ஈரமாக இருந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

மாமாவும் என்னைப் பார்த்தார். "இவன் அந்த மூலைப் பக்கம்தானே போனவன். இங்க வா மகன். பயப்படாமச் சொல்லு. ஆரு அடிச்ச?"

எத்தனை பேர் என்னைச் சுற்றி நின்றார்கள் என்று சொல்ல முடியாது. லெப்பையின் விரல் வாயை இழுப்பது கண்ணில் தெரிந்தது.

"போட்டர் அண்ணன்" என்றேன்.

அவர் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மாமாவுக்குத்தான் பதில் சொன்னார், ஆனால் என்னைப் பார்த்தபடி.

"ஓம் ஹாஜியார். பிள்ள சொல்றது சரி. நான்தான் அடிச்சன். பள்ளிக் கண்ணாடி மினுங்கினத விளக்கெண்டு நினைச்சிட்டன்."

"பின்ன ஏன் மொதல்ல இல்லெண்டு சொன்னீங்க?"

"பயத்தில ஹாஜியார்."

கண்ணாடி மின்னியது அவருக்கு எப்படித் தெரியும்? என் தலைக்குள் இருந்ததை அவர் வெளியே எடுத்துப் பேசினார். எல்லாம் தெரிந்துகொண்டு, தகுந்த நேரத்தில் என்னைப் பிடித்துக் கொடுப்பதற்காக வைத்திருக்கிறார் என்றே நான் நினைத்தேன்.

மாமா கூட்டத்தைக் கலைத்தார். தெரியாமல் நடந்தது, பாவம் இல்லை, எல்லோரும் பெருநாளைக்குப் பிறகு ஒரு நோன்பைத் திருப்பிப் பிடித்துக் கழாச் செய்துவிட்டால் போதும் என்றார். அவ்வளவுதான் மார்க்கம். ஊர் அதோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து ஒற்றை அடி அடிக்கப் பள்ளியிலிருந்து ஓர் ஆள் வந்தார். ஜன்னல் படியில் உம்மா வழக்கம்போலக் கோப்பை வைக்கப் போக, பக்கத்திலிருந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் திருப்பி எடுத்துக்கொண்டாள். யாரோ மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அரசாங்கத்து மணியை நோன்புக்கு அடிக்கலாம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லைதானே. பெருநாளுக்கு முன்பே போட்டர் அண்ணனுக்கு மாற்றல் வந்தது. வன்னிக் காட்டுக்குள்ளே ஒரு நிலையம். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று உம்மா மாமாவிடம் கேட்டாள்.

அந்த நாட்களில் நான் அவரைக் கண்டால் ஓடினேன். மேடையில் கண்டால் தண்டவாளம் தாண்டி ஓடினேன். போவதற்கு முதல்நாள் பின்னேரம் அவர் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றார். முடிந்தது என்று நினைத்தேன். உள்ளே போய் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டேன். அவர் குரல் கேட்டது. உம்மா இத்தனை காலம் தந்த கஞ்சியைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு, "தங்கச்சி, உங்கட மகன் சின்னப் பிள்ள. நோன்பு பிடிச்சாத் தாகம் கூட வரும். நேரம் வரக்குள்ள அவனத் தனிய விடாதீங்க, பக்கத்தில வெச்சிக்கங்க" என்றார். உம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

மறுநாள் மூன்று அடி விழுந்தது. புதிய போட்டர் அடித்தது. வேலி ஓட்டை வழியாக நான் கோச்சியைப் பார்த்தேன். அந்த அக்கா ஜன்னலோரம் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோச்சி வளைவைத் தாண்டியதும், முதன்முதலாக நிம்மதியாக மூச்சு விட்டேன். அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு நான் படித்தேன், ஆசிரியரானேன், அதிபரானேன். அந்தக் காட்டு நிலையத்தைக் கடந்து பலமுறை யாழ்ப்பாணம் போயிருக்கிறேன். கோச்சி அங்கே இரண்டு நிமிடம் நிற்கும். ஒருமுறைகூட நான் இறங்கி விசாரிக்கவில்லை. ஆணா பெண்ணா, உயிரோடு பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. எங்கள் நிலையத்துத் தராசில் அந்தப் பிள்ளை நிறுக்கப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

மாமா சொன்னபடி பெருநாளைக்குப் பிறகு எல்லோரும் ஒரு நோன்பைத் திருப்பிப் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். அதோடு கிழிந்த வாய்களின் பயம் போய்விட்டது. கணக்கு முடிந்ததென்று நினைத்தேன். பொய்ச் சாட்சி பெரும்பாவம் என்று அதே லெப்பை, அதே பாயில் உட்கார்ந்துதான் சொல்லித் தந்திருந்தார். அது நீதிமன்றத்துக்குப் போகிற பெரியவர்களுக்குச் சொன்னது என்று அப்போது நானாயிருந்த அந்த ஒன்பது வயதுப் பையன் எண்ணியிருந்தான்.

போட்டர் அண்ணன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தது பிடித்துக் கொடுக்க அல்ல என்பதும் அவனுக்கு விளங்கவில்லை. கண்ணாடி மின்னியது என்று சொன்னது எனக்காகவே தேடிக்கொடுத்த சமாதானம் என்பதும் விளங்கவில்லை. இவை இரண்டும் எனக்கு வாலிபத்திலேயே விளங்கிவிட்டன. ஆனால் இளைஞர்கள் வந்து போன அன்று, நோன்பு திறக்கும் நேரம், கஞ்சிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்காகக் காத்திருந்தபோதுதான் கடைசியாக ஒன்று விளங்கியது. அடித்தவுடன் குடிப்பது அவர் வழக்கம். ஊருக்கே அது தெரியும். அன்று அவர் அடிக்கவில்லை, ஆகவே குடிக்கவும் இல்லை. ஜன்னல் படியில் ஆடை படிந்து, விளிம்பு வரை நிறைந்திருந்த அந்தக் கோப்பைதான் அவர் சொன்ன சாட்சி. என் வாயைத் திறப்பதற்கு முன்பே அதை நான் மணலில் கவிழ்த்துவிட்டிருந்தேன்.

பாங்கு சொன்னார்கள். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகக் கை உயரவில்லை. தோள் வலி என்று வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னேன்.